புல்தைலத்தில் எத்தனை பங்கு எலுமிச்சை?

வீட்டில் சோப்பு செய்து விற்பது என் மனைவியின் தொழில். நான் வாரம் முழுக்க வங்கியில் நோட்டு எண்ணுகிறவன், ஞாயிற்றுக்கிழமை சோப்பு அச்சு கழுவுகிறவன். அவள் செய்வதில் சீக்கிரம் தீர்ந்துபோவது எலுமிச்சைப் புல்லில் வடித்த புல்தைலம் சேர்த்த சோப்புதான். புகார் அதிகம் வருவதும் அதற்குத்தான். வாங்கிய புதிதில் குளியலறை முழுக்க மணக்கிறதாம், இரண்டாம் மாதம் எடுத்து மோந்தால் வெறும் சோப்பாம்.

"தைலத்துல கலப்படம் இருக்குங்க" என்றாள். கடையை மாற்றினோம். அதே கதை. மறுபடி மாற்றினோம். கடைசியில் அலமாரியில் இரண்டு பாட்டில்கள் மிஞ்சின. ஒன்று சுற்றுலா ஊர் ஒன்றில் வாங்கியது, எண்ணெய் மஞ்சள். இன்னொன்று இணையத்தில் வரவழைத்தது, கிட்டத்தட்ட தண்ணீர் நிறம். இரண்டிலும் 'நூறு சதவீதம் சுத்தம்' என்று போட்டிருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் பி.எஸ்சி. வேதியியல் படித்த ஆணவம் எனக்குள் லேசாகத் தலை தூக்கியது. மோந்து பார்த்துச் சண்டை போடுவதற்குப் பதில் அளந்து பார்த்துவிடலாம் என்றேன். அந்த ஒரு வார்த்தை என் பத்து ஞாயிறுகளைத் தின்றது.

அளக்க வேண்டிய பொருளின் பெயர் சிட்ரால். எலுமிச்சைப் புல்லைக் கசக்கினால் மூக்கில் ஏறுகிற அந்த எலுமிச்சை வாசனை இதுதான். உண்மையில் இது ஒரே அணுக்கணக்குள்ள இரண்டு பொருள்களின் கலவை: ஜெரானியல், நெரல். ஒரு இரட்டைப் பிணைப்பு இந்தப் பக்கம் திரும்பினால் ஒன்று, அந்தப் பக்கம் திரும்பினால் மற்றது. வேடிக்கை என்னவென்றால், எலுமிச்சம்பழத் தோலில் இருந்து பிழிந்த எண்ணெயில் சிட்ரால் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்குதான் இருக்கும். பெரும்பங்கு லிமோனீன், அது ஆரஞ்சுத் தோலிலும் உண்டு. ஆனாலும் 'எலுமிச்சை' என்று மூக்கு அடையாளம் காண்பது அந்தச் சின்னப் பங்கை வைத்துத்தான். புல்லிலோ அது எழுபது, எண்பது பங்கு. எலுமிச்சையை விட எலுமிச்சையாக மணக்கிறது ஒரு புல்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதன் தைலத்தைப் புல்தைலம் என்றுதான் சொல்வோம், மலையாளத்திலும் அதுவே பெயர். 1956 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தோம். கேரள மலைச்சரிவுகளில் வடித்த தைலம் கொச்சித் துறைமுகம் வழியாகப் போனதால் உலகச் சந்தையில் அதற்குக் கொச்சின் ஆயில் என்றே பெயர் இருந்தது. வாசனைக்காக மட்டும் வாங்கவில்லை. 1893இல் டீமான், க்ரூகர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் சிட்ராலை அசிட்டோனோடு சேர்த்து, பிறகு அமிலத்தில் சுருட்டி, வயலட் பூ மணக்கும் அயோனோனைச் செய்து காட்டினார்கள். பின்னாளில் அந்த அயோனோனில் இருந்தே வைட்டமின் ஏ செய்யும் வழியும் வந்தது. சோப்பு, சென்ட்டு, கண்ணுக்கான மாத்திரை எல்லாம் ஒரே புல்லிடம் வந்து நின்றன.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் காகிதச் சோதனை. ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பாட்டிலில் இருந்தும் ஒவ்வொரு சொட்டு விட்டு, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் வைத்தேன். ஆவியாகிற தைலம் என்றால் தடமே தெரியாமல் போக வேண்டும், அல்லது மெல்லிய மஞ்சள் வளையம் மிஞ்சலாம். தண்ணீர் நிறப் பாட்டில் தேறியது. மஞ்சள் பாட்டிலின் சொட்டு, வடை வைத்த தாள் போல ஒளி ஊடுருவும் எண்ணெய்ப் பொட்டாக நின்றது. ஏதோ சமையல் எண்ணெய் கலந்திருக்கிறார்கள். எவ்வளவு என்பது தாளுக்குத் தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்க, நாமே வடித்த தைலம் வேண்டும். புல் வீட்டிலேயே இருந்தது, ஆனால் அதற்கும் ஒரு முன்கதை உண்டு. நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாற்றுப் பண்ணையில் 'லெமன்கிராஸ்' என்று வாங்கி நட்டது சிட்ரோனெல்லாவாக முளைத்தது. கொசுவிரட்டி வாசனை. அம்மா அதைத் தேநீரில் போட்டுக் குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிறகு தெரிந்தவர் ஒருவர், பெரும்பாவூர் பக்கம் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையத்தில் தெரிவு செய்த சுகந்தி என்ற ரகத்தின் தூர்கள் என்று சொல்லி ஒரு கட்டுக் கொடுத்தார். அந்த நிலையம் 1951இல் புல்தைலத்துக்காகவே தொடங்கியது. தூர் அடியில் செம்மை ஓடும் ரகம். மதில் ஓரமாக வரிசையாக நட்டது, இப்போது இடுப்புயரம் நிற்கிறது.

தை மாதம் மழை ஓய்ந்த பிறகு அறுத்தேன். மழைக்காலப் புல்லில் தண்ணீர்தான் நிறைய இருக்கும். அறுத்ததை நிழலில் ஒரு நாள் வாட விட்டு, இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கினேன். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். இலையின் ஓரம் ரம்பம் மாதிரி கீறும்.

வாலைக்கு, அதாவது வடிக்கும் பாத்திரத்துக்கு, எங்கள் வீட்டுப் பத்து லிட்டர் குக்கர். அடியில் மூன்று லிட்டர் தண்ணீர், அதன் மேல் காலுள்ள கண்தட்டு, தட்டின் மேல் புல். ஒரு தடவைக்கு 1.8 கிலோ பிடித்தது. வெயிட்டை எடுத்துவிட்டு, நீராவிக் குழாயில் குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக்கிடம் வாங்கிய மூன்று நூல் காப்பர் பைப்பை மாட்டினேன். மூன்று மீட்டர் பைப்பைப் பெயிண்ட் டப்பா மீது சுற்றிச் சுருளாக்கி, பக்கெட் தண்ணீரில் அமிழ்த்தி, நுனியைப் பக்கெட்டின் அடிப்பக்கம் துளையிட்டு வெளியே எடுத்தேன். துளையை எம்சீல் வைத்து அடைத்தேன்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். குக்கருக்குள் நீராவி போகிற வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஒரு புல் துண்டு எழும்பி அந்தத் துளையை அடைத்தால் கதை வேறு. நான் துளைக்குக் கீழே புதிய ஸ்டீல் நாரைப் பந்தாக வைத்தேன். பாதுகாப்பு வால்வைக் கழற்றவோ அடைக்கவோ கூடாது. பக்கத்தை விட்டு நகரவும் கூடாது.

முதல் வடிப்பு பாழ். குக்கரையும் காப்பர் பைப்பையும் இணைக்க கேஸ் அடுப்பு ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டிப் போட்டிருந்தேன். சூடான தைல ஆவி பட்டதும் ரப்பர் ஊதிப் பிசுபிசுத்து, வடிந்த தண்ணீரில் சைக்கிள் கடை வாசனை. போதாக்குறைக்கு முதலில் வந்தது இளம்பச்சை. பைப்பின் உள்ளே இருந்த களிம்பு. புளித்தண்ணீர் ஊற்றி இரண்டு தடவை கழுவி, வெறும் நீராவியை அரை மணி நேரம் ஓடவிட்டு, இணைப்புக்குச் சிலிக்கான் குழாய் மாற்றினேன்.

இரண்டாவது வடிப்பு நன்றாகப் போனது. தண்ணீர் கொதித்து இருபது நிமிடத்தில் பைப் நுனியில் பால் மாதிரி கலங்கிய சொட்டு விழுந்தது. கலங்கல்தான் நல்ல சகுனம். தண்ணீருக்குள் தைலம் பொடிப்பொடியாக மிதக்கிறது. சிட்ரால் கொதிக்க 229 டிகிரி வேண்டும், ஆனால் நீராவியோடு சேர்ந்து நூறு டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கிளம்பி வந்துவிடும். நீராவியில் வடிப்பதன் சூட்சுமமே இதுதான். வருகிற சொட்டு கைக்கு வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது. சுட்டால் தைலம் காற்றோடு போகிறது என்று அர்த்தம். பக்கெட்டில் மேல்தண்ணீர்தான் முதலில் சூடாகும். அதை ஒரு குழாய் போட்டு உறிஞ்சி இறக்கிக்கொண்டே கீழே குளிர்ந்த தண்ணீர் விட்டேன். முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது. மீதிக்காக இரண்டு மணி நேரம் வரை நின்றேன்.

அப்போது தேனீ வந்தது. முதலில் இரண்டு, பிறகு ஏழெட்டு, பக்கெட்டைச் சுற்றிச் சுற்றி. பக்கத்து வீட்டுக்காரர் மார்த்தாண்டம் பக்கத்தில் பெட்டி வைத்துத் தேன் எடுப்பவர். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "புதுப் பெட்டிக்குள்ள நான் இந்தப் புல்லத்தான் தேய்ப்பேன், கூட்டம் தானா வந்து இருக்கும்" என்றார். தேனீயின் வயிற்று நுனியில் நசனோவ் என்ற சுரப்பி உண்டு. 'இங்கே வா' என்று கூட்டாளிகளை அழைக்க அது விடுகிற வாசனையில் சிட்ராலும் ஒன்று. என் குக்கர் இரண்டு மணி நேரம் ஊர்த் தேனீக்களை எல்லாம் கூவி அழைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்று நல்ல வடிப்பில் 5.5, 6, 4 மில்லி. மொத்தம் 15.5 மில்லி, அதாவது வாடிய புல்லில் நூற்றுக்கு 0.3 பங்குக்கும் கொஞ்சம் குறைவு. மூன்றாவதில் குறைந்ததற்குக் காரணம் நான் அவசரத்தில் புல்லைத் திணித்து அடைத்ததுதான். நீராவி ஓர் ஓரமாக வழி பண்ணிக்கொண்டு போயிருக்கிறது. திறந்து பார்த்தபோது நடுவில் இருந்த புல் பச்சை மாறாமல் இருந்தது. பிரிபுனலில் ஓர் இரவு வைத்து, அடித்தண்ணீரை இறக்கினேன். தெளிந்த பொன்மஞ்சள் தைலம். அந்தத் தண்ணீரை அம்மா வீடு துடைக்க எடுத்துக்கொண்டார். குக்கர் காஸ்கெட்டை மட்டும் யாராலும் காப்பாற்ற முடியவில்லை. "என்ன மக்கா, பருப்பு வேகவச்சா சோப்பு மணக்குவு" என்று மூன்று நாள் கேட்ட பிறகு புதிது வாங்கினேன்.

இந்தக் கட்டத்தில் மனைவி ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தாள். "நீங்க அளந்து முடிக்க எத்தனை மாசம் ஆகுமோ, நான் சோப்ப போட்டுடறேன்" என்று என்னிடம் 4 மில்லி வாங்கி, 200 கிராம் எண்ணெய்க்கு ஒரு சின்ன அச்சு ஊற்றினாள். அதே அளவில் கடைத் தைலங்களிலும் ஒவ்வொன்று. மூன்று சோப்பும் அலமாரி மேல் தட்டில் ஏறின.

இப்போது அளவை. கருவிகள் இல்லாத காலத்துப் பழைய முறை ஒன்று உண்டு. சிட்ரால் ஆல்டிஹைடு என்ற வகைப் பொருள். சோடியம் சல்பைட் கரைசலோடு சூடாக்கிக் குலுக்கினால் அது சல்பைட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கரைந்துவிடும். தைலத்தின் மற்ற பங்காளிகளுக்கு அந்தக் குணம் இல்லை, அவை எண்ணெயாகவே மிதக்கும். நீளக் கழுத்துக் குடுவையில் இதைச் செய்து, கடைசியில் மிஞ்சிய எண்ணெயைக் கழுத்துக்கு ஏற்றிப் படித்தால், காணாமல் போனதுதான் சிட்ரால். கேசியா பிளாஸ்க் என்று இதற்கென்றே கழுத்தில் அளவுக்கோடு போட்ட குடுவை விற்கிறது. நான் அதை வாங்காமல், 100 மில்லி ஸ்டாண்டர்ட் பிளாஸ்க் ஒன்றை எடுத்து, கழுத்தின் அடி வரை தண்ணீர் நிரப்பி, ஊசி சிரிஞ்சால் அரை மில்லி அரை மில்லியாக விட்டு, பக்கத்தில் ஒட்டிய காகிதப் பட்டையில் கோடு போட்டேன். நடுவே கண்ணளவில் இன்னும் சிறு கோடுகள். கல்லூரியில் எங்கள் ஆய்வக உதவியாளர் இதைப் பார்த்திருந்தால் அடித்திருப்பார். ஸ்டாண்டர்ட் பிளாஸ்க்கைச் சூடாக்குவது அவருக்குப் பஞ்சமா பாதகம்.

சோடியம் சல்பைட்டுக்கு, முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். கறுப்பு வெள்ளைக் காலத்தில் டெவலப்பர் கலக்க அதுதான் கிலோக்கணக்கில் போகும். டி-76 என்ற டெவலப்பரில் லிட்டருக்கு நூறு கிராம் சல்பைட். பரணில் இருந்து அரை டப்பா எடுத்துக் கொடுத்தார். "காசா? போ தம்பி. இது கெடந்து இருவது வருசம் ஆச்சு."

அந்த இருபது வருசத்தில்தான் என் இரண்டு ஞாயிறு போனது. அதோடு இன்னொரு கோளாறும் சேர்ந்தது. இந்த வினை நடக்கும்போது காரம் உண்டாகும். காரம் சேரச் சேர வினை நின்றுபோகும். அதனால் சொட்டுச் சொட்டாக அசிட்டிக் அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். காரம் வருவதைக் காட்ட ஒரு நிறங்காட்டி வேண்டும். வீட்டில் மஞ்சள் இருக்கும்போது எதற்குக் கடைக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், ஆரத்தி கரைப்பது அந்த வித்தைதானே. மஞ்சளைச் சாராயத்தில் ஊறவைத்து நாலு சொட்டு விட்டேன். தைலம் சேர்க்கும் முன்பே கரைசல் ஆரத்தித் தட்டாகிவிட்டது. சல்பைட் கரைசலே லேசான காரம், மஞ்சள் அதற்கே சிவந்துவிடும். பினாப்தலீன் என்ற நிறங்காட்டிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் காரம் தேவை, அதனால்தான் பழைய முறையில் அதைச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் ஒன்றிரண்டு சொட்டு அமிலத்தால் இளஞ்சிவப்பைப் போக்கிவிட்டால், அதற்குப் பிறகு வருகிற சிவப்பெல்லாம் சிட்ராலின் கணக்கு. பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் பத்து மில்லி கடன் வாங்கினேன்.

பினாப்தலீனோடு செய்தபோதும் சிவப்பு சோம்பலாக வந்தது. என் தைலத்தில் 22 சதவீதம் என்று காட்டியது. நம்ப முடியாமல், அந்தச் சல்பைட் ஒரு சிட்டிகையில் அமிலம் விட்டு மோந்தேன். நல்ல சல்பைட் என்றால் கந்தகப் புகை மூக்கைப் பொத்த வைக்க வேண்டும். இது சும்மா இருந்தது. காற்றுப் பட்டுப் பட்டு பெரும்பகுதி சல்பேட் ஆகிவிட்டிருக்கிறது. அண்ணாச்சி காசு வாங்காததன் நியாயம் அப்போது புரிந்தது. நல்ல வேளை, அதில் நான் வீணாக்கியது ஒரு மில்லிதான். புது பாட்டில் வாங்கினேன். அமிலமும் சல்பைட்டும் சேரும் இடத்தில் கந்தக டையாக்சைடு வரும் என்பதால் வேலையைக் கொல்லைப்புறத் திண்ணைக்கு மாற்றினேன். இழுப்பு உள்ளவர்கள் இதன் பக்கமே வர வேண்டாம்.

பிறகு முறை பிடிபட்டது. 100 மில்லி தண்ணீருக்கு 25 கிராம் சல்பைட். அதில் அறுபது மில்லி குடுவையில், அதன் மேல் 5 மில்லி தைலம், மூன்று சொட்டு பினாப்தலீன். குடுவையை வெந்நீர்ச் சட்டியில் இறக்கிச் சுழற்ற வேண்டும். ஒரு நிமிடத்தில் கரைசல் செம்பருத்தி நிறம். பாதிக்குப் பாதி நீர்த்த அசிட்டிக் அமிலம் இரண்டு சொட்டு, நிறம் போகும். சுழற்று, மறுபடி செம்பருத்தி. முதல் கால் மணி நேரம் இந்த விளையாட்டு விடாமல் நடக்கும். வீட்டு வினிகர் வேண்டாம். அதில் தண்ணீர்தான் அதிகம், குடுவை நிரம்பி வழிந்துவிடும். மூடி போட்டு வேகமாகக் குலுக்காதீர்கள். நான் ஒரு தடவை குலுக்கி, மூடி தெறித்து, சூடான தைலம் மணிக்கட்டில் பட்டது. நான்கு நாள் செந்தடிப்பு. சிட்ரால் சிலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள். ஐரோப்பாவில் கழுவிவிடுகிற பொருளில் 0.01 சதவீதத்துக்கு மேல், தோலிலேயே தங்குகிற பொருளில் 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அட்டையில் பெயர் போட்டாக வேண்டும். மனைவி அன்றிலிருந்து அட்டையில் எழுதத் தொடங்கினாள்.

சிவப்பு வருவது நின்ற பிறகும் இருபது நிமிடம் சூட்டில் வைத்தேன். ஆறவிட்டு, மிச்ச சல்பைட் கரைசலை மெல்ல ஊற்றி எண்ணெயைக் கழுத்துக்கு ஏற்றினேன். சின்னச் சின்னத் துளிகள் குடுவைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே குடுவையை வைத்து மத்து போலக் கடைந்தால் ஏறிவிடும்.

என் தைலம்: 5 மில்லியில் மிஞ்சியது 1.3. அதாவது 74 சதவீதம் சிட்ரால். இரண்டாம் தடவை 1.4, அதாவது 72. என் காகிதக் கோட்டின் லட்சணத்துக்கு இரண்டு சதவீதம் முன்பின் இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

மஞ்சள் பாட்டில்: மிஞ்சியது 3.1. வெறும் 38 சதவீதம். மிஞ்சியதைத் தாளில் விட்டால் அதே வடை எண்ணெய்.

தண்ணீர் நிறப் பாட்டில்தான் என்னை உட்கார வைத்தது. மிஞ்சியது 0.2. தொண்ணூற்றாறு சதவீதம்! முதலில் 'ஆகா, எவ்வளவு சுத்தம்' என்றுதான் தோன்றியது. பிறகுதான் உறைத்தது. எந்தப் புல்லும் தொண்ணூற்றாறு கொடுக்காது. ஆஸ்திரேலியாவின் லெமன் மிர்ட்டில் என்ற மர இலை வேண்டுமானால் தொண்ணூறைத் தாண்டும். இது புல்தைலமே இல்லை, தனிச் சிட்ரால். பெட்ரோலியத்தில் இருந்து வரும் ஐசோபியூட்டீனையும் பார்மால்டிஹைடையும் வைத்துத் தொடங்கி, டன் கணக்கில் ஆலையில் செய்கிறார்கள். ஜெர்மனியின் லுட்விக்ஷாபனில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் சிட்ரால் பிரிவில் 2017 அக்டோபர் 31 அன்று தீப்பிடித்தபோது, உலகம் முழுக்க வாசனைப் பொருள், வைட்டமின் ஏ வியாபாரிகள் திண்டாடினார்கள். பொருளில் குற்றம் சொல்ல முடியாது, மூலக்கூறு அதேதான். அட்டையில் புல்லின் படம் போட்டதுதான் பொய். கலப்படம் என்றால் குறைவாக இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அளவுக்கு மேல் சுத்தமாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும் போல.

வெற்றி முகத்தோடு உள்ளே போய்ச் சொன்னேன். மனைவி எதுவும் சொல்லாமல் மேல் தட்டில் இருந்து மூன்று சோப்பையும் இறக்கி என் முன்னால் வைத்தாள். எட்டு வாரம் ஆகியிருந்தது. முப்பத்தெட்டு சதவீதச் சோப்பு மணக்கவில்லை, அது எதிர்பார்த்தது. என் எழுபத்து நாலும் மணக்கவில்லை. தொண்ணூற்றாறும் மணக்கவில்லை. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏதோ ஒரு வெளிறிய, எண்ணெய்ச் சிக்கு கலந்த பழ வாசனை. என்னுடையதில் மட்டும் அடியில் கொஞ்சம் ரோஜா.

அந்த ரோஜா எங்கே இருந்து வந்தது என்று பார்க்கக் குடுவைகளிடம் திரும்பினேன். என் தைலத்தில் மிஞ்சிய அந்த 1.3 மில்லியைச் சொட்டுக்குழாயால் எடுத்து மோந்தேன். எலுமிச்சை துளிகூட இல்லை. காய்ந்த வைக்கோல், பச்சைக் கொத்தமல்லித் தண்டு, அதற்கெல்லாம் பின்னால் மெல்லிய ரோஜா. ஜெரானியோல். ஜெரானியலோடு பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம், இது ஆல்கஹால், சோப்பில் தாக்குப்பிடிக்கும். புல்லில் இருந்து எலுமிச்சையைக் கழித்தால் மிஞ்சுவதை அன்றுதான் முதல்முறை மோந்தேன். கீழே இருந்த கரைசலோ வாசனையே இல்லாத தண்ணீர். கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மில்லி எலுமிச்சை அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

ஒளிந்ததை வெளியே கொண்டுவரவும் வழி உண்டு. சல்பைட் பிடித்த சிட்ரால், காஸ்டிக் சோடா பட்டால் பிடியை விட்டுவிடும். சலவைச் சோடா போதாது, காஸ்டிக்கே வேண்டும். சோப்பு செய்கிற வீட்டில் அதற்கா பஞ்சம்? கண்ணாடியும் உறையும் போட்டுக்கொண்டு, மேலே இருந்த எண்ணெயை முழுக்க எடுத்த பிறகு, ஆறிய கரைசலை அகன்ற கண்ணாடி ஜாடிக்கு மாற்றிக் குளிர்ந்த காஸ்டிக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். தெளிந்த தண்ணீர் கலங்கியது, பாலானது, பத்து நிமிடத்தில் மேலே வெளிர்மஞ்சளாக ஓர் அடுக்கு கூடியது. திண்ணை முழுக்க எலுமிச்சை. உள்ளே இருந்த அம்மாவே வெளியே வந்து "யாரு சர்பத்து போடுகா?" என்று கேட்டார். இரண்டு மில்லிக்குச் சற்று மேலே திரும்பி வந்தது. ஒரு மில்லியை உடனே எடுத்துச் சின்ன பாட்டிலில் வைத்தேன். ரப்பர் குமிழ் வைத்த மூடி வேண்டாம், தைலம் அதைக் கரைத்துக் கோந்தாக்கிவிடும். இருட்டான பாட்டில், திருகு மூடி, குளிர்சாதனப் பெட்டி. மீதியை எடுக்கப் பொழுது இல்லை. ஜாடியை மூடி அப்படியே திண்ணையில் விட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் மேலடுக்கு தேயிலை நிறத்துக்குப் போயிருந்தது. திறந்தேன், எலுமிச்சை இல்லை. காஸ்டிக்கில் கிடந்தால் சிட்ரால் பிளந்து மெத்தில்ஹெப்டனோன், அசிட்டால்டிஹைடு என்று இரண்டாகும், இன்னொரு பங்கு ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகும் என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். அதைச் சோப்போடு சேர்த்து யோசிக்கத் தோன்றியதே இல்லை.

ஜாடியை மனைவியிடம் நீட்டினேன். ஒரு தடவை மோந்தாள். அலமாரியில் இருந்து என் சோப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை மோந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. அப்ப அந்தக் கடைக்காரனுங்கள நான் திட்டினது?"

"பாதி சரிதான்" என்றேன்.